கூடப் போட்டால் கூடுமா வாசம்?

2024 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரு பின்னிரவு. தென் லண்டனில் டூட்டிங் பகுதியில் வசிக்கும் என் தமக்கையாரின் மகனுடைய வீட்டில் தங்கியிருந்தேன். மாடிப்படிக்குக் கீழே, தட்டுமுட்டுச் சாமான்கள் வைக்கும் சிற்றறையில் ஏதோ பெருஞ்சத்தத்துடன் வெடித்தது. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த ஒருவனின் உடம்பு அத்தகைய சத்தத்தை மறப்பதில்லை. என்னவென்று விசாரிக்கும் முன்னரே நான் கட்டிலிலிருந்து இறங்கித் தரையில் குப்புறப் படுத்துவிட்டேன். மருமகன் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். அந்நேரம் பார்த்து இரண்டாவதும் வெடித்தது. கண்ணாடித்துண்டு அவருடைய வலது உள்ளங்கையைக் கிழித்தது. நான்கு தையல்கள். சற்று மேலே பறந்திருந்தால் கண் போயிருக்கும்.

வெடித்தவை பியர்ப் போத்தல்கள். மருமகன் தமது சமையலறையில் தாமே காய்ச்சி, நொதிக்கவைத்து, அடைத்து வைத்த பியர். வீட்டார் அதனை விபத்து என்றார்கள். நான் அவ்வாறு ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. அந்தப் போத்தல்களை வெடிக்கவைத்தது ஒரு மூடநம்பிக்கை. "கூடப் போட்டால் கூட வாசம்" என்பதே அந்த மூடநம்பிக்கையின் மூலமந்திரம். அது இன்று இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வீட்டில் பியர் காய்ச்சுவோரிடையே பரவலாக உலாவுகிறது. படித்த, கணினித் துறையில் கைநிறையச் சம்பாதிக்கின்ற, வேறெந்த விடயத்திலும் ஆதாரம் கேட்கின்ற மனிதர்கள் இந்த ஒரு விடயத்தில் மாத்திரம் வேதவாக்கைப் போல வாய்வழிச் செய்தியை நம்புகிறார்கள். அவர்களுக்கு எதிராகவே இக்கட்டுரை. அவர்களுள் என் மருமகனும் ஒருவர். அவருடைய அனுமதியுடனேயே எழுதுகிறேன்.

பரிச்சயம் இல்லாத வாசகர்களுக்குச் சில வார்த்தைகள். ஹொப் என்பது ஒரு படர்கொடி. அதன் பெண்பூக் கதிரின் இதழ்களுக்குள் மஞ்சள் நிறப் பொடியாக ஒரு பிசின் சுரக்கிறது. அதில் இரண்டு செல்வங்கள் உண்டு. ஒன்று, நெடுநேரம் கொதித்தால் கசப்பாக மாறும் அமிலம். மற்றது, கொதித்தால் ஆவியாகப் பறந்துவிடும் வாசனை எண்ணெய். முளைகட்டிய வாற்கோதுமையின் இனிப்புச் சாற்றுடன் ஹொப்பைக் கொதிக்கவைத்தால் கசப்புக் கிடைக்கும், வாசனை போய்விடும். எனவே வாசனை வேண்டுவோர், சாறு ஆறி, ஈஸ்ட் தன் வேலையைப் பெரும்பாலும் முடித்த பின்னர், கொதிக்காத ஹொப்பை நேரே பியரில் ஊறவிடுகிறார்கள். இதற்குப் பெயர் ட்ரை ஹொப்பிங். பாயசத்தை அடுப்பிலிருந்து இறக்கிய பின் ஏலக்காய்ப்பொடி தூவுகின்ற நம் வீட்டுப் பெண்களுக்கு இதன் தத்துவத்தை விளக்க வேண்டியதில்லை.

இந்த எளிய செயலைச் சுற்றி வளர்ந்திருக்கும் கட்டுக்கதைகளில் முதலாவதை நானே பரப்பியிருக்கிறேன். ஆகவே அங்கிருந்தே தொடங்குவதுதான் நேர்மை.

1998 ஆம் ஆண்டில் நான் பணியாற்றிய பத்திரிகையின் ஞாயிறு மலரில் ஒரு பக்கத்தின் அடிப்பகுதி காலியாக இருந்தது. அதனை நிரப்ப ஒரு சுவையான துணுக்கு எழுதினேன். இந்தியாவிலிருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு அனுப்பிய பியர் கப்பலிலேயே புளித்துப் போயிற்று என்றும், லண்டன் போ பகுதியின் ஹொட்ஜ்சன் என்னும் வணிகர் மூளையைக் கசக்கி, ஹொப்பை அள்ளிப்போட்டு ஒரு புதிய பியரைக் கண்டுபிடித்தார் என்றும், அதுவே இந்தியா பேல் ஏல் என்றும் எழுதினேன். ஆங்கிலச் சஞ்சிகை ஒன்றிலிருந்து எடுத்தது. சரிபார்க்கவில்லை. யார் சரிபார்ப்பார்கள்? நல்ல கதை அது. நல்ல கதைகளைச் சரிபார்க்கப் பத்திரிகையாளனுக்கு மனம் வருவதில்லை.

பிற்பாடு, பிரித்தானிய பியர் வரலாற்றாசிரியர் மார்ட்டின் கோர்னெல் போன்றோர் பழைய விளம்பரங்களையும் குறிப்பேடுகளையும் தோண்டியெடுத்து எழுதியவற்றைப் படித்தபோது வெட்கினேன். ஹொட்ஜ்சனுக்கு முன்னரே பல வகை பியர்கள் இந்தியாவுக்குப் போய் நல்ல நிலையில் இறங்கியிருக்கின்றன. கறுப்பு நிறப் போர்ட்டரும் பெருமளவில் போனது, புளித்துப் போகவில்லை. வெப்ப நாடுகளுக்கு அனுப்பும் பியரில் ஹொப்பைக் கூட்டிச் சேர்க்கும்படி 1760களிலேயே காய்ச்சுவோருக்கு ஆலோசனை கூறப்பட்டிருக்கிறது. ஹொட்ஜ்சனின் சாமர்த்தியம் வேறிடத்தில் இருந்தது. அவருடைய ஆலை கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்துறைக்கு அருகில் இருந்தது. கப்பற் தலைவர்களுக்கு நீண்ட தவணையில் கடன் கொடுத்தார். அதாவது, கணக்குப் புத்தகத்தில் நடந்த வெற்றியை நாம் ஹொப் மூட்டையில் நடந்ததாக எழுதிவிட்டோம். 1822 அளவில் பேர்ட்டன் நகரத்து ஓல்சொப் போன்றோர் அந்தச் சந்தைக்குள் நுழைந்து மேலும் நல்ல சரக்கை அனுப்பத் தொடங்கியதும் ஹொட்ஜ்சன் குடும்பத்தின் ஆதிக்கம் தளர்ந்தது.

இந்தத் திருத்தத்தை இருபத்தைந்து வருடங்கள் கழித்து வெளியிடுகிறேன். சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் போன பியரைப் பற்றிய கதை என்பதாலோ என்னவோ, தமிழ் வாசகர்களிடையே அது இன்னும் சுற்றுகிறது. பழைய பிழைக்கு நானும் ஒரு கை கொடுத்தவன். ஆனால் விடயம் வரலாற்றுப் பிழையுடன் முடிந்துவிடவில்லை. "ஹொப்பை அள்ளிப் போட்டதால் பியர் பிழைத்தது" என்னும் அந்தக் கதையே, அள்ளிப் போடுவதை ஒரு வீரச்செயலாக இன்றைய காய்ச்சுவோரின் மனதில் பதித்துவைத்திருக்கிறது என்பது என் குற்றச்சாட்டு.

அன்றைய இங்கிலாந்துக் காய்ச்சுவோர் உண்மையில் செய்தது என்ன? பீப்பாயை அனுப்புமுன் ஒரு கைப்பிடி ஹொப்பை அதன் துளை வழியாகத் திணித்தார்கள். அவ்வளவே. இன்றைய வெறிக்கு மூலம் வேறு. 1972 இல் அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில் அரச விவசாயத் திணைக்களத்தின் இனவிருத்தித் திட்டத்திலிருந்து கஸ்கேட் என்ற ஹொப் இனம் வெளிவந்தது. தோடம்பழத் தோலையும் பூவையும் நினைவூட்டும் வாசனை அதற்கு. 1975 இல் சன் பிரான்சிஸ்கோவின் அங்கர் ஆலை தன்னுடைய லிபர்ட்டி ஏலில் அந்தக் கஸ்கேட்டை ஊறவைத்துக் காட்டியது. ஐரோப்பிய ஹொப்பின் அடக்கமான மணத்துக்குப் பழகியிருந்த நாக்குகள் திடுக்கிட்டன. பின்னர் வந்த சிம்கோ, சிட்ரா போன்ற இனங்கள் இன்னும் உரத்த குரலில் பேசின. 2004 ஆம் ஆண்டளவில் வேர்மொண்ட் மாநிலத்தில் கலங்கலான, பழச்சாற்றைப் போன்ற ஹெடி டொப்பர் வந்தது. அதன் வழியில் உலகமே கலங்கிற்று.

அதன் பின் தொடங்கியது அளவின் போட்டி. லீற்றருக்கு நான்கு கிராம் போட்டவன் எட்டுப் போட்டான். எட்டுப் போட்டவன் பதினாறு போட்டான். இப்போது தகரக் குவளைகளில் "டபிள் ட்ரை ஹொப்ட்" என்று பெரிய எழுத்தில் அச்சிடுகிறார்கள். அதற்கு என்ன பொருள் என்று நான் பலரிடம் கேட்டேன். இரண்டு தடவைகள் போட்டது என்றார் ஒருவர். இரட்டிப்பு அளவு போட்டது என்றார் வேறொருவர். எதன் இரட்டிப்பு என்று கேட்டதற்குப் பதில் இல்லை. இருக்கவும் முடியாது, ஏனெனில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட வரைவிலக்கணம் எதுவும் அதற்குக் கிடையாது. தங்க நகைக்கு இருபத்திரண்டு கரட் என்று முத்திரை குத்தினால் அதற்கு ஒரு சட்டப்படியான பொருளுண்டு. இது, "இரட்டைத் தங்கம்" என்று எழுதி விற்பதைப் போன்றது.

மருமகனின் வெடித்த போத்தல்களில் லீற்றருக்குப் பதினாறு கிராம் ஹொப் ஊறியிருந்தது. கையில் கட்டுடன் இருந்தவரிடம் ஏன் அவ்வளவு என்று கேட்டேன்.

"மாமா, எல்லாரும் அப்பிடித்தான் போடினம். குறைச்சுப் போட்டால் வாசம் எழும்பாது."

"குறைச்சுப் போட்டுப் பார்த்தனீரோ, தம்பி?"

பதில் இல்லை. ஐந்து வருடங்களாகக் காய்ச்சுகிறவர். தமது தொழிலில் ஒரு மென்பொருளைச் சோதிக்காமல் வெளியே விடமாட்டார். ஆனால் தமது சமையலறையில் இந்த ஒரு கேள்வியை ஒரு தடவையேனும் சோதித்துப் பார்க்கவில்லை. ஒவ்வொரு முறையும் ஹொப்பின் இனத்தை மாற்றினார், அளவை மாற்றினார், ஈஸ்டையும் மாற்றினார், நாட்களையும் மாற்றினார். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு அதற்குப் "பரிசோதனை" என்று பெயர் சூட்டினார். நான் கலைப்பட்டதாரி, இரசாயனவியலை உயர்தரத்தில் கூடப் படிக்காதவன். ஆயினும், நான்கு விடயங்களை ஒருசேர மாற்றினால் எது எதனை விளைவித்தது என்று எவனாலும் கூறமுடியாது என்பது தெரிய அந்தப் பாடம் தேவையில்லை.

ஆகவே அவருடைய கை ஆறியதும் ஒரு நிபந்தனை விதித்தேன். இம்முறை நான் சொல்வதைப் போலச் செய்ய வேண்டும். குறிப்புப் புத்தகம் என் கையில் இருக்கும். இருபது லீற்றர் பியரை ஒரே பானையில் காய்ச்சி, ஒரே ஈஸ்டில் நொதிக்கவைத்து, ஐந்து ஐந்து லீற்றராக நான்கு கண்ணாடிச் சாடிகளில் பிரித்தோம். முதலாவதில் ஊறவைக்கும் ஹொப் எதுவும் இல்லை. இரண்டாவதில் லீற்றருக்கு நான்கு கிராம், மூன்றாவதில் எட்டு, நான்காவதில் பதினாறு. எல்லாம் ஒரே பொதியிலிருந்து எடுத்த கஸ்கேட். பதினெட்டுப் பாகை செல்சியஸ், மூன்று நாட்கள். அடர்த்தியை ஹைட்ரோமீற்றரால் நாள்தோறும் அளந்தோம். நான்கு சாடிகளிலும் அளவு அசையாமல் மூன்று நாட்கள் நின்ற பின்னரே, தடித்த போத்தல்களில் அடைத்தோம்.

இரண்டு வாரங்களின் பின் பன்னிரண்டு பேரை அழைத்தோம். நண்பர்கள், அயலவர்கள். ஒவ்வொருவருக்கும் மூன்று குவளைகள். இரண்டில் ஒரே பியர், ஒன்றில் வேறு. எது வேறு என்று கூறவேண்டும், அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டு கைகாட்டினாலும் பன்னிருவரில் நால்வர் சரியாகச் சொல்லிவிடுவார்கள். குறைந்தது எட்டுப் பேராவது சரியாகச் சொன்னால்தான் அதைத் தற்செயல் அன்று எனக் கொள்ளலாம். இது உணவுத்துறையினர் காலங்காலமாகக் கையாளும் முறை.

ஹொப் இடாததற்கும் நான்கு கிராம் இட்டதற்கும் உள்ள வேறுபாட்டைப் பதினொருவர் கண்டார்கள். நான்குக்கும் எட்டுக்கும் உள்ள வேறுபாட்டை எண்மர் கண்டார்கள். எட்டுக்கும் பதினாறுக்கும் உள்ள வேறுபாட்டைச் சரியாகச் சொன்னவர்கள் ஐவர். கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருந்தால் கிடைத்திருக்கக்கூடியதை விட ஒருவர் அதிகம்! அந்த ஐவரில் மருமகன் இல்லை. பதினாறு கிராமுக்காகக் கையைக் கிழித்துக்கொண்ட மனிதர், பதினாறு கிராமை எட்டுக் கிராமிலிருந்து பிரித்தறிய இயலாமல் நின்றார்.

பன்னிருவர் போதாது, ஒரு தடவை போதாது என்று எவரேனும் கூறினால் நான் மறுக்கமாட்டேன். மகிழ்ச்சியுடன் ஒப்புக்கொள்வேன், ஏனெனில் அவ்வாறு கூறுபவர் அளவைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். ஆனால் எங்கள் சமையலறையின் முடிவு தனித்து நிற்கவில்லை. ஒரேகன் அரச பல்கலைக்கழகத்தில் ஸ்கொட் லபொண்டெய்ன், தொமஸ் ஷெல்ஹாமர் ஆகிய இருவரும் இதே கஸ்கேட் ஹொப்பைக் கொண்டு, லீற்றருக்குப் பதினாறு கிராம் வரை வெவ்வேறு அளவுகளில் ஊறவைத்துப் பார்த்த ஆய்வு 2018 இல் வெளிவந்தது. லீற்றருக்கு எட்டுக் கிராமைத் தாண்டியதும், போடுகின்ற ஹொப்பிலிருந்து பியருக்குள் இறங்குகின்ற வாசனையின் விகிதம் குறைந்துகொண்டே போகிறது. அதைவிட முக்கியமானது: வாசனையின் தன்மையே மாறுகிறது. தோடம்பழ மணம் பின்தள்ளப்பட்டு, தேயிலையையும் மூலிகையையும் ஒத்த மணம் முன்னுக்கு வருகிறது. எதை விரும்பிக் கூட்டுகிறார்களோ அதையே கூட்டுதலால் இழக்கிறார்கள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம்மவர்கள் ஆய்வுகூடம் இல்லாமலே சொல்லிவைத்தார்கள்.

நட்டக் கணக்கையும் சொல்லவேண்டும். காய்ந்த ஹொப் பியரைப் பஞ்சு போல உறிஞ்சுகிறது. நான்காவது சாடியின் ஐந்து லீற்றரில் அரை லீற்றருக்கு மேல் அந்தப் பச்சைச் சேற்றோடு போயிற்று. ஹொப் விலை கூடிய பொருள். இரட்டிப்புக் காசைக் கொடுத்து, குறைந்த பியரைப் பெற்று, வேறுபாட்டையும் உணராமல் குடிப்பதற்கு என்ன பெயர் சூட்டுவது?

நாட்களின் கணக்கிலும் இதே கதைதான். "ஒரு கிழமை ஊறவேண்டும்" என்பது காய்ச்சுவோரிடையே எழுதாச் சட்டம். மலக்கறைகளிலும் மரப்பீப்பாய்களிலும் முழுப்பூவைப் போட்டு, பியரைக் குளிர்ந்த நிலவறையில் வைத்த காலத்தின் வழக்கம் அது. இன்றைய ஹொப் பொடித்து அழுத்திய குறுணியாக வருகிறது. பியரில் விழுந்ததும் உதிர்ந்து கரைகிறது. கலக்கிவிட்டால் வாசனை எண்ணெயின் பெரும்பகுதி ஒரு நாளுக்குள்ளேயே இறங்கிவிடுகிறது என்று அதே பல்கலைக்கழகத்தின் முந்திய ஆய்வுகள் காட்டின. மிகுதி நாட்களில் இறங்குவது பெரும்பாலும் இலையின் துவர்ப்பும் புல்லின் நெடியும். பீப்பாய் போய்விட்டது, பூ போய்விட்டது, நிலவறையும் போய்விட்டது, கிழமைக் கணக்கு மட்டும் குந்தியிருக்கிறது.

இனி வெடிப்புக்கு வருவோம். பியர் ஏன் வெடித்தது? ஈஸ்ட் இனிப்பைத் தின்று முடித்தபின் பியரில் ஒருவகை மாச்சத்து எஞ்சி நிற்கும். அதனை ஈஸ்டால் தின்ன முடியாது. ஆனால் ஹொப்பின் உள்ளே, அந்த மாச்சத்தை உடைத்து மீண்டும் சீனியாக்கவல்ல நொதியங்கள் சிறிதளவு உண்டு. கொதித்தால் அவை செத்துவிடும். கொதிக்காமல் ஊறவைத்தால் உயிரோடு வேலை செய்யும். உறங்கிய ஈஸ்ட் எழுந்து மறுபடியும் தின்னத் தொடங்கும், காபனீரொட்சைட்டு வெளிவரும். மூடிய போத்தலில் அது எங்கே போகும்?

மருமகன் அடைத்தபோது அடர்த்தி 1.012. வெடித்தபின் எஞ்சிய போத்தல்களை ஈரத்துணியால் சுற்றி, கையுறையுடன் திறந்து, வாயுவை வெளியேற்றிவிட்டு அளந்தபோது 1.008. இந்த நான்கு புள்ளி இறக்கம் சிறிதாகத் தோன்றலாம். ஏறத்தாழ இரண்டு புள்ளி இறங்கினால் ஒவ்வொரு லீற்றர் பியருக்குள்ளும் மேலும் ஒரு லீற்றர் வாயு புகுகிறது. நுரைக்காக வேண்டுமென்றே இட்ட சீனியின் வாயு ஒருபுறம்; அதற்கு மேல் இது. சாதாரண பியர்ப் போத்தல் அந்த அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டதன்று. எங்கள் நான்கு சாடிகளிலும் இதையே கண்டோம். ஹொப் இடாதது 1.012 இலேயே நின்றது. பதினாறு கிராம் இட்டது 1.009 வரை இறங்கிப் பின்னரே நின்றது. பொறுமையின்றி அடைத்திருந்தால் மீண்டும் தையல் போட ஓடியிருப்போம்.

நண்பர்கள் இதனை ஒரு புதிய கண்டுபிடிப்புப் போலப் பேசுகிறார்கள். "ஹொப் கிரீப்" என்ற புதுப்பெயரும் சூட்டியிருக்கிறார்கள். புதிதா? 1893 ஆம் ஆண்டில், ஹொரஸ் பிரவுண், ஹரிஸ் மொரிஸ் என்னும் இரு ஆங்கிலேய இரசாயனவியலாளர்கள், ட்ரை ஹொப்பிங்கில் ஹொப் ஆற்றும் பணி பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஹொப்பிலே மாச்சத்தை உடைக்கும் நொதியம் உண்டென்றும், பீப்பாயில் நொதித்தல் மறுபடி கிளம்புவதற்கு அதுவே காரணமென்றும் அதில் காட்டினார்கள். அச்சில் வந்த கட்டுரை. நூலகத்தில் இருந்த கட்டுரை. 2018 இல் ஒரேகன் ஆய்வாளர்கள் இந்த விடயத்தை மறுபடி கையிலெடுத்து விளக்கும் வரை, நூற்றிருபத்தைந்து வருடங்களில் பெரும்பாலான காய்ச்சுவோருக்கு அது தெரியாத சங்கதி. லீற்றருக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகப் போட்ட காலத்தில் அந்த மறதி ஒருவரையும் காயப்படுத்தவில்லை. பதினாறு கிராம் போட்ட காலத்தில் அது கண்ணாடித்துண்டாய்ப் பறந்தது. அளவைக் கூட்டியவர்கள் அறிவைக் கூட்டவில்லை.

எனக்கு எதிராக எழுப்பப்படும் மூன்று ஆட்சேபங்களை நான் அறிவேன்.

முதலாவது: சுவை அவரவர் விருப்பம், அதற்கு ஏது அளவு? உண்மை. ஒருவர் தேயிலை மணத்தை விரும்பலாம்; துவர்ப்பை விரும்பலாம்; பதினாறு கிராமையும் விரும்பலாம். ஆனால் "எனக்குப் பிடிக்கிறது" என்பது வேறு. "கூடப் போட்டால் வாசம் கூடும்" என்பது வேறு. முன்னையது விருப்பம். பின்னையது உலகத்தைப் பற்றிய ஒரு கூற்று. அது சரியாகவோ பிழையாகவோ இருந்தே ஆகவேண்டும். விருப்பத்தின் முதுகுக்குப் பின்னால் பிழையான கூற்று ஒளிந்துகொள்வதை அனுமதிக்க முடியாது.

இரண்டாவது: வீட்டு விளையாட்டுக்கு ஏன் இவ்வளவு விஞ்ஞானம்? நான்கு தையல்களைக் கண்ட பின்னரும் இதைக் கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

மூன்றாவது, நம்மவர்களிடமிருந்து வரும் ஆட்சேபம்: போயும் போயும் குடியைப் பற்றி எழுதுவதா? குடி கெடுத்த குடும்பங்களைப் பற்றி முப்பது வருடங்களாக எழுதியவன் நான். கசிப்பினால் செத்த கூலித்தொழிலாளர்களின் மரணவிசாரணைகளில் நீதிமன்றத்தின் பின்வாங்கில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவன். குடிக்கும்படி ஒருவருக்கும் நான் சொல்லவில்லை. ஆனால் இந்த ஆட்சேபத்தை எழுப்புபவர்களில் ஒரு சாராரின் நேர்மையை நான் சந்தேகிக்கிறேன். அன்று சுவைக்க வந்த ஒருவர், எங்களூர்க்காரர், கஸ்கேட்டின் மணத்தை ஐந்து நிமிடம் வருணித்தார். பனங்கள்ளைப் பற்றி நான் பேச்செடுத்ததும், "சீ, அது அவையள் குடிக்கிற சாமான்" என்றார். யார் அந்த "அவையள்"? பனையேறி, நெஞ்சுத்தோல் தடித்து, தலைமுறை தலைமுறையாக ஊரின் ஓரத்தில் ஒதுக்கிவைக்கப்பட்ட மக்கள். அதே நொதித்தல்தான், அதே ஈஸ்ட்தான். வெள்ளைக்காரன் செய்தால் அது கலை. நம்மூர்ச் சீவல்தொழிலாளி செய்தால் அது சாதி.

முட்டியின் உட்புறத்தில் எவ்வளவு சுண்ணாம்பு பூசினால் நொதித்தல் நின்று கருப்பநீர் கிடைக்கும் என்பது அந்தத் தொழிலாளியின் கைக்குத் தெரியும். அதுவும், எதை, எப்போது, எவ்வளவு இடுவது என்ற கேள்விக்கான விடையே. அந்தக் கைக்கணக்கை எழுதிவைக்கவோ அளந்து மேம்படுத்தவோ நம்மில் எத்தனை பேர் முன்வந்தோம்? 1912 ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி இலங்கையில் உத்தரவுப்பத்திரம் இல்லாமல் மது தயாரிப்பது இன்றும் குற்றம். என் மருமகன் லண்டன் சமையலறையில் செய்ததை யாழ்ப்பாணத்தில் செய்திருந்தால் பொலிஸ் வந்திருக்கும்.

அந்தச் சுதந்திரம் இங்கிலாந்திலும் வானத்திலிருந்து விழுந்ததன்று. 1880 இன் சட்டம் வீட்டில் பியர் காய்ச்சுவோரையும் அனுமதிப்பத்திரம் பெறச் சொன்னது. 1963 இல்தான் நிதியமைச்சர் ரெஜினோல்ட் மோட்லிங் அதனை நீக்கினார். அமெரிக்காவில் 1978 ஒக்டோபரில் ஜனாதிபதி கார்ட்டர் கையொப்பமிட்ட பின்னரே மத்திய அரசின் வரி வீட்டுப் பியரை விட்டது. வயதுவந்தோர் ஒருவருக்கு வருடத்துக்கு நூறு கலன், இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் உள்ள வீட்டுக்கு இருநூறு கலன். கடைசி மாநிலங்களான மிசிசிப்பியும் அலபாமாவும் 2013 வரை இழுத்தடித்தன. இந்த உரிமையினால் விளைந்தது அற்பமன்று. வீட்டில் காய்ச்சுவோருக்கான பொருட்களை விற்ற சிறிய கடைக்காரர் கென் குரொஸ்மன் தொடங்கிய சியரா நெவாடா ஆலை 1980 இலிருந்து அமெரிக்க பியரின் போக்கையே மாற்றியது. இன்று ஹொப் மணக்கும் பியர்கள் அனைத்தினதும் பாட்டன்மார் ஏதோவொரு சமையலறையில் கெட்டுப்போன ஒரு சாடியில் பிறந்தவர்களே.

ஆகவேதான் எனக்குக் கோபம் வருகிறது. சட்டத்தால் தடுக்கப்பட்டவன் பரிசோதிக்கவில்லை என்றால் அவனை மன்னிக்கலாம். சட்டம் அனுமதித்தும், சாடியும் தராசும் ஹைட்ரோமீற்றரும் கையில் இருந்தும், ஒரு விடயத்தை மாத்திரம் மாற்றிப் பார்க்கும் பொறுமை இல்லாதவனை எப்படி மன்னிப்பது? ஆலைக்காரன் பரிசோதித்தால் நட்டம் வந்தால் வேலையாட்கள் தெருவுக்கு வருவார்கள். வீட்டில் காய்ச்சுபவனின் நட்டம் ஐந்து லீற்றர். தோல்வியின் விலை இவ்வளவு மலிவாகக் கிடைத்தும் தோற்றுப்பார்க்க அஞ்சுகிறார்கள், தோற்றாலும் எழுதிவைப்பதில்லை. போத்தல் வெடித்த கதையை மருமகனின் நண்பர்களிடம் கேட்டேன். ஐவரில் மூவருக்கு அது நடந்திருக்கிறது. ஒருவரும் மற்றவரிடம் சொன்னதில்லை. வெட்கமாம்.

நான் கோருவது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஹொப் இடாத ஒரு சாடியை எப்போதும் பக்கத்தில் வையுங்கள். ஊறவைத்த பின் அடர்த்தி மூன்று நாட்கள் அசையாமல் நிற்கும் வரை மூடியைத் தொடாதீர்கள். எது எதுவென்று தெரியாமல் சுவைக்கக் கொடுங்கள். வெடித்ததை மறைக்காமல் எழுதுங்கள். லீற்றருக்கு நான்கில் தொடங்குங்கள். எட்டைத் தாண்டுவதானால் காரணத்தைக் காட்டுங்கள்.

கொழும்புக்குத் திரும்பியபின் மருமகன் தொலைபேசியில் சொன்னார்: "மாமா, இந்த முறை நாலுதான் போட்டனான். எழுதியும் வைச்சிருக்கிறன்." அவருடைய உள்ளங்கையில் தழும்பு இருக்கிறது. ஞாயிறு மலரில் நான் எழுதிய அந்தப் பொய்த் துணுக்கு ஏதோவொரு நூலகத்தின் பழைய கட்டில் இருக்கிறது. இரண்டையும் இனி அழிக்க முடியாது. மாற்றுக் கருத்துள்ளோர் தாராளமாக எழுதலாம். எழுதுவதற்கு முன் ஒரு தடவை தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.